உத்திரத்துக்குப் பிறகு பதினாலாம் நாள்

மணி பதினொன்று தாண்டியும் பிள்ளைக்கு வெளிக்கி வரவில்லை. மணி பார்த்து வருவதற்கு அது என்ன பஸ்ஸா என்று தங்கபுஷ்பம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் நகர்ந்து உட்கார்ந்தாள். முப்பத்திரண்டு வருஷ நர்ஸ் உத்தியோகத்தில் எதற்கெதற்கோ காத்திருந்தாயிற்று, தலைப்பிரசவக்காரிக்கு வலி எடுக்க, பனிக்குடம் உடைய, ஆம்புலன்ஸ் வர, மந்திரி வர. நாலு வயசுப் பெண் ஒருத்தி விரித்த காகிதத்தில் குந்தி எழுந்திருக்க வேண்டுமே என்று கர்த்தரை வேண்டிக்கொள்ளும் நாளும் கடைசியில் வந்து சேர்ந்தது. உப்பளத்துக்காரர்களின் வரிசை வீடு அது, ஒரே அறை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை, வாசலுக்கு வெளியே அளத்தின் வெள்ளை கண்ணைக் கூச வைத்தது. அவள் காலடியில் நீலநிற ஐஸ் பெட்டி. அதற்குள் இறுக்க மூடிய காலி டப்பா ஒன்று. நேற்று எடுத்த முதல் டப்பா சுகாதார நிலையத்தில் குளிரில் இருக்கிறது, இன்றைக்கு இரண்டாவது, இரண்டும் சேர்ந்து சென்னைக்குப் போக வேண்டும். எந்தப் பிள்ளைக்காவது கை கால் திடீரென்று துவண்டால், காரணம் எதுவாக இருந்தாலும், ஒரு நாள் இடைவெளியில் இரண்டு தடவை மலம் எடுத்துப் போலியோக் கிருமி இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும், துவண்ட நாளிலிருந்து பதினாலு நாளைக்குள் எடுத்துவிட வேண்டும் என்பது சட்டம். பதினாலு தாண்டினால் கிருமி இருந்தாலும் அகப்படாமல் போகலாம். இதை அவள் எத்தனையோ பயிற்சி வகுப்பில் கேட்டிருக்கிறாள், டீ வரும் வரைக்கும் தலையாட்டிக்கொண்டே கேட்டிருக்கிறாள். இன்றைக்கு எத்தனையாவது நாள் என்பதுதான் கேள்வி, அதைத்தான் அவள் காலையிலிருந்து நினைக்காமல் இருக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நினைக்காமல் இருக்க முடிகிறதா. காகிதத்தில் இன்றைக்கு ஆறாவது நாள். பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் படிவத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறார், கால் துவண்டது போன சனிக்கிழமை, முதலில் காட்டியது நேராக இங்கேதான் என்று. பிள்ளையின் தாய் பேச்சித்தாய் செவ்வாய்க்கிழமை அங்கே கொண்டுபோனபோது அவளே சொன்ன கணக்கு. ஆறாவது நாள் என்றால் அவசரமே இல்லை, நாளைக்கு எடுக்கலாம், திங்கட்கிழமை எடுக்கலாம், நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து விசிறிக்கொள்ளலாம். ஆனால் பங்குனி உத்திரம் என்றைக்கு வந்தது? இரண்டு வெள்ளிக்கு முன்னால். குலதெய்வம் சாஸ்தா கோயிலுக்கு வரிசை வீடு மொத்தமும் வேன் பிடித்துப் போய்விட்டு, பொங்கல் பானையும் கரும்புமாகத் திரும்பி வந்து இறங்கியபோதுதான் பிள்ளை சுபிக்ஷாவின் இடது கால் தரையில் ஊன்றாமல் மடிந்தது. உத்திரத்தை மறக்கிற குடும்பம் இந்தப் பக்கத்தில் உண்டா? தேதி தெரியாதவர்கள்கூட உத்திரத்தை வைத்துத்தான் பிள்ளைக்கு வயசு சொல்லுவார்கள். அந்த வெள்ளியிலிருந்து இந்த வெள்ளி பதினாலு. எப்படி எண்ணினாலும் பதினாலு, விரலை மடக்கி எண்ணினாலும் காலண்டரைப் பார்த்து எண்ணினாலும் பதினாலு, குறுக்கே ஞாயிற்றுக்கிழமைகளைத் தள்ளிவிட்டு எண்ணுவதற்கு இது ஒன்றும் லீவு விண்ணப்பம் இல்லை. இந்தக் கணக்கு உலகத்தில் சிலருக்குத்தான் தெரியும். அந்தச் சிலரில் தங்கபுஷ்பம் ஒருத்தி, ஏனென்றால் உத்திரத்துக்கு மறுநாள் சனிக்கிழமை காலையில் பேச்சித்தாய் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவளிடம்தான் வந்தாள்.

"நேத்து வேன்ல இருந்து எறங்குனதுல இருந்து கால இழுத்து இழுத்து நடக்கா நர்ஸம்மா. காய்ச்சலும் கொஞ்சம் அடிச்சிச்சு" என்று பேச்சித்தாய் அன்றைக்குச் சொன்னது, சொன்ன குரல், இடுப்பில் இருந்த பிள்ளையின் மூக்கில் ஒட்டியிருந்த திருநீறு, எல்லாம் அப்படியே இருக்கிறது. அன்றைக்கு என்ன செய்துகொண்டிருந்தாள்? கர்ப்பிணிகள் விவரத்தை போனில் ஏற்றிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு மணிக்குள் ஏற்றாவிட்டால் மேலேயிருந்து திட்டு விழும், போன் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது, ஏற்றுகிற சமயத்தில் சிக்னல் போய்ப் போய் வந்தது, ஒரு கர்ப்பிணியின் ரத்த அளவு நாலாவது தடவையாக அழிந்துபோனது. தலையை நிமிர்த்திப் பார்த்தாள், பார்க்கத்தான் செய்தாள், இல்லையென்று சொல்ல முடியாது. வேன்ல மடக்கி உக்காந்திருப்பா, மரத்துப்போயிருக்கும், இந்த மருந்தக் குடு, எண்ணெயத் தேச்சு நீவி விடு, ரெண்டு நாள்ல சரியாயிரும் என்றாள். காய்ச்சல் மருந்து பாட்டில் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். காலைத் தொட்டாளா? தொடவில்லை. அதுதான் முள்ளாகக் கிடக்கிறது, எழுந்து நாலு எட்டு வைத்து அந்தக் காலை ஒரு தடவை கையில் தூக்கிப் பார்த்திருந்தால் போதும், முப்பத்திரண்டு வருஷக் கை அது, தூக்கினவுடனே அதற்குத் தெரிந்திருக்கும். கண்ணுக்குத்தான் தெரியாது. ஆனால் தொடவில்லை. திங்கட்கிழமை என்ன ஆனது என்றால், அதை நினைத்தால் காது சூடாகிறது, திங்கட்கிழமை ஒன்றுமே ஆகவில்லை. வாரா வாரம் திங்கட்கிழமை ஒரு சீட்டு அனுப்ப வேண்டும், இந்த வாரம் என் பகுதியில் கை கால் துவண்ட பிள்ளைகள் இத்தனை பேர் என்று. ஒழிந்துபோன நோய்க்கு வாரா வாரம் ஆஜர் எடுக்கிறார்கள் என்று நர்ஸுகள் தங்களுக்குள் சிரித்துக்கொள்வார்கள். இத்தனை வருஷத்தில் அவள் அதில் சைபரைத் தவிர வேறு எழுதியதில்லை. எழுதியதில்லை என்பதைவிட, மாதத்தின் முதல் திங்களிலேயே நாலு சீட்டுக்கும் நாலு சைபரைப் போட்டுக் கையெழுத்தும் போட்டுப் பையில் வைத்துக்கொள்வாள், அந்தந்தத் திங்களில் உருவிக் கொடுத்துவிட்டு வருவாள். அவள் மட்டுமில்லை, முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். அந்தத் திங்கட்கிழமையும் உருவிக் கொடுத்தாள். பிள்ளை துவளுவதற்கு முன்னாலேயே எழுதி வைத்த சைபர் அது.

"சுபி, கண்ணு, வருதாட்டி?" என்று பேச்சித்தாய் கேட்டாள். அறையின் மூலையில் காகிதத்தின் மேல் சுவரில் முதுகு சாய்த்து உட்கார வைக்கப்பட்டிருந்த பிள்ளை தங்கபுஷ்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. "அந்த அத்த போவட்டும்" என்றது. நியாயம்தான். வெள்ளைச் சேலையும் கண்ணாடியும் ஐஸ் பெட்டியுமாக ஒருத்தி முழங்கால் இடிக்கிற தூரத்தில் உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருந்தால் கலெக்டருக்கே வராது. தங்கபுஷ்பம் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வெளியே, கூரை நிழல் ஒரு முழம் விழுந்த இடத்தில் போட்டு உட்கார்ந்தாள். காலையிலிருந்து பிள்ளைக்குக் கருப்பட்டித் தண்ணி கொடுத்தாயிற்று, பூவன்பழம் இரண்டு கொடுத்தாயிற்று, பப்பாளி பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. நேற்றே ஒரு தடவை போய்விட்ட பிள்ளை இன்றைக்கு ஏன் போக வேண்டும்? தன் வயிற்றில் யாருடைய மானம் அடைபட்டுக் கிடக்கிறது என்று அதற்குத் தெரியுமா? நேற்று அவள் அந்தக் காலைத் தூக்கிப் பார்த்தாள், பதின்மூன்று நாள் கழித்து. நனைத்துப் பிழியாத துணியைப் போலக் கையில் கனத்தது, விட்டதும் அப்படியே விழுந்தது, பிள்ளை சிரித்தது. பள்ளிக்கூட விடுதியில் அவளோடு படித்த வயலட் என்ற பெண்ணுக்கு இரண்டு காலிலும் இரும்பு வளையம் உண்டு, சாயங்கால ஜெபத்துக்கு எல்லாரும் முழங்காலில் நிற்கும்போது வயலட் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். என்ன மட்டும் கர்த்தர் கெட்ட பிள்ளைன்னு சொல்லிட்டாரு என்று ஒருநாள் சாதாரணமாகச் சொன்னாள், சொல்லிவிட்டு ஊறுகாய் கேட்டாள். அப்போது தங்கபுஷ்பத்துக்குப் பன்னிரண்டு வயசு. நர்ஸாகி முதல் முதலில் பஸ் ஸ்டாண்டில் நின்று போகிற வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் சொட்டு மருந்து விட்டு விரலில் மை வைத்த அன்றைக்கு வயலட்டைத்தான் நினைத்துக்கொண்டாள், இனி எந்தப் பிள்ளையும் பெஞ்சில் உட்கார வேண்டாம் என்று நினைத்து அவ்வளவு சனத்துக்கு நடுவில் கண் கலங்கினாள். அன்றைக்குக் கண் கலங்கிய அந்தப் பொம்பளை எங்கே போனாள்? அவளும் இவள்தானே, அதே கைதானே நாலு சைபரை வரிசையாகப் போட்டு வைத்தது.

இது போலியோவாக இருக்காது. பெரும்பாலும் வேறு ஏதாவது நரம்புக் கோளாறாகத்தான் இருக்கும், பிள்ளைக்கு எல்லாச் சொட்டும் போட்டிருக்கிறது, அவளே போட்டாள், அட்டையில் அவள் கையெழுத்துத்தான். அப்படியானால் தேதி எதுவாக இருந்தால் என்ன? இந்த இடத்தில் அவள் மனசு ஒவ்வொரு தடவையும் வந்து நின்றது, செக்கு மாடு போலச் சுற்றி வந்து இதே இடத்தில் நின்றது. இன்றைக்கே கிடைத்துவிட்டால் உண்மைக் கணக்குப்படியும் பதினாலுக்குள், பொய்க் கணக்குப்படியும் பதினாலுக்குள், யாருக்கும் நஷ்டமில்லை, காகிதத்தில் உள்ளது காகிதத்தில் இருந்துவிட்டுப் போகட்டும். கிடைக்காவிட்டால்தான் வம்பு. நாளைக்கோ மறுநாளோ எடுத்தால், அதில் கிருமி இல்லையென்று சென்னையிலிருந்து பதில் வந்தால், அது இல்லாததால் இல்லையா, நாள் கடந்ததால் இல்லையா என்று யாருக்குத் தெரியும்? காகிதத்தில் எட்டாவது நாள் என்று இருந்தால் இல்லை என்றே முத்திரை குத்திவிடுவார்கள். இருந்துவிட்டால்? இந்த வரிசையில் மட்டும் இருபத்திரண்டு பிள்ளைகள், ஒரே குழாயடி, வெளிக்கிக்குப் போக ஒரே காடு. அதோ அந்தப் பிள்ளைகள் உப்பு மூட்டை அட்டியில் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தார்கள், எல்லாக் கால்களும் தரையில் சரியாக ஊன்றின, அவள் தன்னை அறியாமல் ஒவ்வொரு காலாகப் பார்த்தாள். பேச்சித்தாய் ஏன் டாக்டரிடம் சனிக்கிழமை என்று சொன்னாள்? அதற்குப் பதில் தெரியும் என்றுதான் தங்கபுஷ்பம் நினைத்தாள். என்னைக் காப்பாற்றத்தான். வயிற்றில் இந்தப் பிள்ளையைச் சுமந்தபோது மாசாமாசம் பார்த்துக்கொண்டவள் நான், ரத்தம் குறைந்து கிடந்தபோது ஆட்டோவில் கூடவே போனவள் நான், நர்ஸம்மாவைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனசு வருமா? நேற்று படிவத்தைப் பார்த்து எழுதும்போது சனிக்கிழமை என்று வாய்விட்டு வாசித்தாள், பேச்சித்தாய் தலைகுனிந்துகொண்டு ஒன்றும் சொல்லவில்லை, இவளும் ஒன்றும் சொல்லாமல் அப்படியே எழுதிக்கொண்டாள். இரண்டு பேருக்கும் தெரிந்த ஒன்றை இரண்டு பேரும் விழுங்கினார்கள். பாவி மகள், எவ்வளவு நன்றி அவளுக்கு என்று நினைத்தபோது தங்கபுஷ்பத்துக்கு நெஞ்சில் இதமாகக்கூட இருந்தது, அந்த இதத்தை நினைத்து உடனே அசிங்கமாகவும் இருந்தது. ஓய்வு பெற இன்னும் பதினாலு மாசம். இந்தப் பதினாலு என்ற எண்ணே ஆகாது போலிருக்கிறது. நல்ல நர்ஸு என்று பேரெடுத்துப் போகலாம், மாலை போடுவார்கள், குத்துவிளக்கு கொடுப்பார்கள், கிறிஸ்தவளுக்கு எதற்குக் குத்துவிளக்கு என்று யாருக்கும் தோன்றாது. இல்லையென்றால் விசாரணை, குறிப்பாணை, ஏன் தொட்டுப் பார்க்கவில்லை என்று ஒரு கேள்வி. அதற்கு என்ன பதில் எழுதுவது? சிக்னல் இல்லை என்றா?

மூன்று மணிக்குப் பெட்டியில் ஐஸ் இளகிவிட்டது. முக்குக் கடையில் இருந்து புதிது வாங்கி வந்து வைத்தாள். பிள்ளை சோறு தின்றது, தூங்கியது, எழுந்தது, ஒன்றுக்கு இருந்தது, அவ்வளவுதான். நாலரைக்கு போன் அடித்தது. வட்டார டாக்டர், அவள் மகன் வயசு, நல்ல பையன், யாரையும் கடிந்து பேச மாட்டார்.

"சிஸ்டர், கிடைச்சுதா?"

"இன்னும் இல்ல சார்."

"பரவால்ல, எதுக்கு வெயில்ல கிடக்கீங்க. ஆறாவது நாள்தானே ஆகுது? இன்னும் ஒரு வாரம் இருக்கே. நாளைக்கு எடுத்துக்கலாம், வீட்டுக்குப் போங்க."

"சரி சார்" என்றாள். போனை வைத்துவிட்டாள். அவ்வளவு எளிதாக இருந்தது, அதுதான் பயமாக இருந்தது. பெட்டியின் வாரைத் தோளில் மாட்டிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்து, நாளைக்கு வாரேன் பேச்சி என்றாள். பேச்சித்தாய் பிள்ளையின் காலை மடியில் போட்டு எண்ணெய் தேய்த்து நீவிக்கொண்டிருந்தாள். மேலிருந்து கீழே, மேலிருந்து கீழே, இவள் அன்றைக்குச் சொன்ன மாதிரியே.

"நர்ஸம்மா, ஒண்ணு கேக்கட்டா. அந்த டாக்டர்ட்ட நான் பொய் சொல்லிட்டேன். போன சனிக்கெழமன்னு சொன்னேன்லா."

"தெரியும்ளா" என்றாள் தங்கபுஷ்பம். என் பேர் வரக்கூடாதுன்னுதானே என்று கேட்க வந்தவள், நல்லவேளையாகக் கேட்கவில்லை.

"உத்திரத்தன்னைக்குன்னு சொன்னா, இம்புட்டு நாளு பிள்ளைய வச்சிக்கிட்டு என்ன செஞ்சேன்னு வைவாவள்ளா. எல்லாரு முன்னாலயும் வைவாவ. அதான் பயந்துட்டேன். நாந்தான் ஏமாந்துட்டேன் நர்ஸம்மா, மறுநாளே பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடியிருந்தா கால் நின்னிருக்கும்லா. எங்க வீட்டுக்காரவுக எங்கிட்டப் பேசி நாலு நாளாச்சு. மறுநாளே நர்ஸம்மாட்டக் காட்டுனேன்னு சொன்னா நம்ப மாட்டேங்காவ. நர்ஸம்மா பாத்திருந்தா சும்மா விட்டிருப்பாவளா, நீ வீட்ட விட்டு எறங்கியே இருக்க மாட்ட, எம்பிள்ளைய நொண்டியாக்கிட்டேங்காவ."

காலையிலிருந்து தங்கபுஷ்பத்தின் மனசில் சுற்றிச் சுற்றி வந்த அத்தனை நினைப்பிலும் இந்த ஒன்று வரவே இல்லை. என் பேர், என் மாலை, என் திங்கட்கிழமை என்றே ஓடிக்கொண்டிருந்த புத்திக்கு, இந்தப் பெண் பதின்மூன்று நாளாகத் தன் தப்பு என்று நினைத்து இந்தக் காலை நீவிக்கொண்டிருக்கிறாள் என்று தோன்றவில்லை. நன்றியாம், காட்டிக்கொடுக்க மாட்டாளாம். நர்ஸம்மா நல்லவள் என்று ஊருக்குள் இருக்கிற பேரே இவளைப் பொய்க்காரி ஆக்கியிருக்கிறது, புருஷன் அந்தப் பேரை வைத்துத்தான் இவளை அடிக்கிறான், கையால் இல்லாவிட்டாலும். தங்கபுஷ்பத்துக்கு அழுகை வந்தது. அழுதால் அதையும் இவள்தான் வந்து துடைப்பாள் என்று நினைத்து அடக்கிக்கொண்டு, பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, பேச்சித்தாய்க்குக் கேட்கும்படி அங்கேயே நின்று போனை எடுத்தாள்.

"சார், நாந்தான். ஆறாவது நாள் இல்ல சார். இன்னைக்குப் பதினாலு. உத்திரத்தன்னைக்கே கால் துவண்டிருக்கு. தாய் மறுநாளே பிள்ளையத் தூக்கிட்டு வந்து காட்டிருக்கா. எங்கிட்டத்தான் சார். நான் தொட்டுப் பாக்கல. மருந்து குடுத்துச் சரியாயிரும்னு அனுப்பிட்டேன். அந்தத் திங்கக்கெழம சைபர்னும் குடுத்துட்டேன்."

சிஸ்டர் என்றார் டாக்டர், பிறகு ஒரு பெருமூச்சு கேட்டது, பிறகு குரல் மாறி வேலைக்கு வந்தது. "அப்போ ராத்திரி வரைக்கும் அங்கேயே இருங்க. கிடைக்கலன்னா நாளைக்கு அக்கம்பக்கத்துல அஞ்சு பிள்ளைங்ககிட்டயும் எடுக்கணும், அந்தக் கிருமி சுத்துதான்னு பாக்கணும். தேதியத் திருத்தி எழுதிக் கையெழுத்துப் போடுங்க. மத்ததத் திங்கட்கிழமை பேசுவோம்." மத்தது என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும். சரி சார் என்றாள். இந்தத் தடவை அது வேறு சரி.

அவள் நாற்காலியை மறுபடியும் உள்ளே இழுத்துப் போட்டு, பையிலிருந்து படிவத்தை எடுத்து மடியில் வைத்துச் சனிக்கிழமையைக் கோடு போட்டு அடித்துவிட்டு, உத்திரத்தன்று கால் துவண்டது, மறுநாளே தாய் என்னிடம் கொண்டுவந்து காட்டினாள் என்று எழுதத் தொடங்கினாள். பேச்சித்தாய் எண்ணெய்க் கையோடு எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள். அவளுக்கு வாசிக்கத் தெரியும், உதடு அசைய எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

"ஏன் நர்ஸம்மா சொன்னிய? ஒங்க வேலைக்குப் பங்கம் வந்துராதா?"

"வரட்டும். நீ கொண்டுவந்தல்லா. மறுநாளே கொண்டுவந்த. நாந்தான் பாக்கல."

"அப்போ... எம்மேல தப்பில்லையா?"

"இல்ல."

பேச்சித்தாய் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு அலமாரியில் இருந்த போனை எடுத்து வாசலுக்குப் போனாள். மணி அடித்து அடித்து நின்றது, மறுபடியும் போட்டாள். அளத்தில் மோட்டார் சத்தத்துக்கு நடுவே புருஷன் எடுத்திருக்க வேண்டும், ஏனென்றால் அவள் கத்தினாள், வரிசை வீடு முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

"ஏங்க, கேக்கா? நர்ஸம்மா எழுதுதாவ. பேப்பர்ல எழுதுதாவங்க. நான் மறுநாளே கொண்டுபோனேன்னு எழுதுதாவ."